மிஸ்வாக்கைப் பிடிக்கும் கை

மிஸ்வாக்கின் சிறப்புகளை நம் வீட்டார் பயான்களில் நிறையவே கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதைக் கட்டளையாக்கிவிட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதையும், உம்மத்துக்குச் சிரமமாகுமே என்ற இரக்கத்தினால் அவ்வாறு ஆக்காமல் விட்டதையும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காண்கிறோம். ஆனால் அந்தக் குச்சியைக் கையில் எப்படிப் பிடிப்பது, பிடிக்க இயலாதவர் என்ன செய்வது, அவருக்கேற்ப அதை எப்படி அமைத்துக் கொடுப்பது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மஸ்அலா கேட்டு வருகிறவர்களிலும், ஒளுவைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். ஒளுவுக்கு முந்திய இந்தச் சிறு கருவியைப் பற்றிக் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நம் முன்னோர்களான பிக்ஹு மேதைகள் இதைச் சிறு விஷயமாக விட்டுவிடவில்லை. ஹனபீ மத்ஹபின் 'துர்ருல் முக்தார்' கிதாபில் இதற்கென்றே சில வரிகள் இருக்கின்றன. மிஸ்வாக் மென்மையானதாக இருக்க வேண்டும். கோணலின்றி நேராகவும், கணுக்கள் இல்லாமலும் இருக்க வேண்டும். பருமன் சுண்டு விரல் அளவு. நீளம் ஒரு சாண். பிடிக்கும் முறையையும் அந்த மத்ஹபின் இமாம்கள் எழுதி வைத்தார்கள். வலக்கையின் சுண்டு விரல் குச்சிக்குக் கீழே இருக்கும். பெருவிரலும் கீழேதான், ஆனால் குச்சியின் தலைப்பை ஒட்டி. நடுவிலுள்ள மூன்று விரல்களும் மேலே அமரும். இந்தப் பிடி இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களைத் தொட்டு வந்ததாகக் கூறப்படுகிறது. காற்றில் அசையும் மெலிந்த கால்களோடு அராக் மரத்தில் மிஸ்வாக் குச்சி பறித்துக்கொண்டிருந்த ஸஹாபி இவர்கள்தாம். அந்தக் கால்களைக் கண்டு சிரித்தவர்களுக்கு, அவை மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

குச்சி ஒன்றை எடுத்து, சொன்னபடி பிடித்துப் பாருங்கள். இரு முனையில் இரு விரல்கள் கீழிருந்து தாங்குகின்றன, மூன்று விரல்கள் மேலிருந்து அமர்த்துகின்றன. குச்சி உருளாது. பெருவிரல் தலைப்பருகே இருப்பதால் பல்லின் மீது எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பது உடனே கைக்குத் தெரிந்துவிடும். மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும். முழு முஷ்டியால் பிடித்துப் பாருங்கள். தோளின் பலம் முழுவதும் ஈறின் மீது இறங்குகிறது, அழுத்தத்தை அளக்க வழியில்லை. முஷ்டியால் பிடிக்கக் கூடாது என்று கிதாபுகளில் வந்திருப்பதும், அதனால் மூல நோய் வரும் என்று ஒரு காரணம் சொல்லப்பட்டிருப்பதும் ஓதியவர்களுக்குத் தெரியும். அந்தக் காரணத்தை இன்றைய வைத்தியம் உறுதி செய்யவில்லை. அது அக்கால அனுபவக் கூற்று. ஆனால் ஈறின் பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் அந்த அறிவுரை முற்றிலும் சரியானதுதான்.

பருமன் விஷயத்தில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல் டாக்டர்கள் நாள் முழுதும் விரல்களால் கிள்ளிப் பிடிக்கும் சுரண்டு கருவிகளின் பிடியை ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சோதித்தவற்றில், 10 மில்லிமீட்டர் பருமனும் 15 கிராம் எடையும் கொண்ட பிடிதான் விரல் தசைகளுக்கு மிகக் குறைந்த பளுவைத் தந்தது. அதைவிட மெல்லியதும் கனமானதும் கையைக் களைப்படையச் செய்தன. 10 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு சுண்டு விரலின் பருமன். இதை வைத்துக்கொண்டு நம் இமாம்கள் ஆய்வுக்கூடம் நடத்தினார்கள் என்று மேடையில் மார்தட்ட வேண்டியதில்லை. தினமும் ஐந்து வேளை ஒரு பொருளைக் கையில் பிடித்தவர்களுக்கு, எது கைக்கு ஒத்து வருகிறது என்று தெரிந்திருந்தது. அவ்வளவே.

ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வேறொரு பக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள். காயப்படுத்துமளவு காய்ந்த குச்சியும் வேண்டாம், அழுக்கை நீக்காத அளவுக்கு ஈரமான குச்சியும் வேண்டாம், நடுத்தரமானதே நல்லது என்கிறார்கள். பற்களின் அகலவாட்டில் தேய்க்க வேண்டும். மேலிருந்து கீழாக இழுத்தால் ஈறு புண்பட்டு இரத்தம் வரக்கூடும். நாக்குக்கு மட்டும் நீளவாட்டு. கடைவாய்ப் பற்களின் மேற்பரப்புக்கும் மிஸ்வாக் போய்ச் சேர வேண்டும். அந்த மேற்பரப்பை அரபியில் 'கராஸீ', அதாவது நாற்காலிகள், என்று அழகாகச் சொல்வார்கள். மேல்வாயையும் மெதுவாகத் தடவ வேண்டும்.

இந்தக் 'கராஸீ' என்ற இடத்தில்தான் குச்சிக்கும் பிரஷ்ஷுக்கும் உள்ள வித்தியாசம் வெளிப்படுகிறது. மிஸ்வாக்கின் நார்கள் குச்சி போகும் திசையிலேயே நீண்டிருக்கின்றன, ஈட்டியின் முனையைப் போல. முன்பற்களின் வெளிப்புறத்துக்கு இது மிக வாகானது. கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்கு, அதாவது நாக்கைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு, இது எளிதில் போகாது. வாயை அகலத் திறந்து குச்சியைக் குறுக்கே சாய்க்க வேண்டியிருக்கும். பிரஷ்ஷிலோ நார்கள் பிடிக்குச் செங்குத்தாக நிற்கின்றன. ஆகவே உட்புறமும் கடைக்கோடியும் அதற்கு எட்டும். ஆனால் அதன் பிடி மெல்லியதாகவும் தட்டையாகவும் இருப்பதால் விரல்கள் முழுதாக மடங்கிப் பற்ற வேண்டியிருக்கிறது. முட்டுவாதத்தால் விரல் கணுக்கள் வீங்கியவர்களுக்கு இதுவே பெரிய சோதனை.

பிரஷ் மிஸ்வாக்காகுமா என்ற கேள்வியையும் இங்கே தீர்த்துவிடுவோம். ஷாபிஈ மத்ஹபில், பல்லின் அழுக்கை நீக்கக்கூடிய சொரசொரப்பான சுத்தமான பொருள் எதுவாயினும் ஸுன்னத்து நிறைவேறிவிடும். அராக் மிகச் சிறந்தது. பின்னர் பேரீச்ச மட்டை, ஒலிவம் முதலியவை வருகின்றன. நம் நாட்டு வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் அதே சட்டத்தில் அடங்கும். ஹனபீ மத்ஹபிலும் குச்சி கிடைக்காதபோதோ பல் இல்லாதபோதோ விரலும் முரட்டுத் துணியும் அதன் இடத்தில் நிற்கும். எனவே பிரஷ்ஷால் துலக்குகிறவர் ஸுன்னத்தை விட்டவராகமாட்டார். அராக்குக்கென்று உள்ள தனிச் சிறப்பு அதற்கில்லை என்பதுதான் வித்தியாசம். அராக் என்பது அரேபியாவில் மட்டும் வளரும் மரமென்று பலர் எண்ணுகிறார்கள். நம் தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் கடலோரங்களிலும் வளரும் உகா மரம் அதுவேதான். அதன் வேரில் கிருமிகளைக் கொல்லும் காரமான ஒரு பொருள் இருப்பதை 2011இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களும் எடுத்துக் காட்டினார்கள். அந்தக் காரம் புதிய குச்சியில்தான் இருக்கும். அலமாரியில் ஆறு மாதம் காய்ந்ததில் எதிர்பார்க்க வேண்டாம்.

நம் பெரியவர்கள் பிரஷ்ஷைக் கண்டு முகம் சுளித்ததற்கு நியாயமான ஒரு காரணம் இருந்தது. 1780 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் அடிஸ் என்பவர் எலும்புப் பிடியில் மிருக மயிரைப் பதித்துப் பிரஷ் செய்து விற்கத் தொடங்கினார். அதன் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் விற்ற பிரஷ்களில் பெரும்பாலும் இருந்தது பன்றி மயிர். 1938இல் அமெரிக்காவில் டுபான்ட் கம்பெனியின் நைலான் நார் வைத்த பிரஷ் சந்தைக்கு வந்தது; அதன் பிறகே நிலைமை படிப்படியாக மாறிற்று. இன்று கடைகளில் தொங்குபவை ஏறக்குறைய எல்லாமே நைலான்தான். 'இயற்கை நார்' என்று பெருமையாக அச்சிட்டு வருகிற சில வெளிநாட்டு பிரஷ்களை மட்டும், எந்த நார் என்று விசாரித்து வாங்குங்கள்.

இப்போது இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர். நாற்பது ஆண்டுகளாக மிஸ்வாக் இல்லாமல் ஒளு செய்ததில்லை. பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. நலம் விசாரிக்கப் போனபோது, தலையணைக்குப் பக்கத்தில் குச்சி தொடப்படாமல் காய்ந்து கிடந்தது. வாயில் வாடை, ஈறுகள் வீங்கியிருந்தன. ஏன் என்று கேட்டேன். "இடக்கையால பிடிச்சா பேணுதல் இல்ல ஹஜ்ரத். முஷ்டியால பிடிக்கறதும் கூடாதுன்னு நீங்களே ஓதிக் காட்டியிருக்கீங்க. அதான் விட்டுட்டேன்" என்றார்.

சிரமத்தை அஞ்சிக் கடமையாக்கப்படாத ஓர் அமலை, அதன் ஒழுங்குகளைப் பேணவென்றே ஒருவர் அடியோடு விட்டுவிட்டார்! வலக்கையால் பிடிப்பதும் விரல்களை இன்னபடி வைப்பதும் அதபுகள். அவை அமலை அழகாக்க வந்தவை. அமல் செல்லுபடியாவதற்கான ஷர்த்துகள் அல்ல. உதுரு உள்ளவர் இடக்கையால் பிடிப்பதில் எந்தக் குறையுமில்லை, முஷ்டியால் பிடிப்பதிலும் இல்லை. வீட்டிலிருக்கும் பிள்ளைகள் இதைப் பெரியவர்களுக்குத் தெளிவாக, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்; அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.

வாய்ச் சுத்தம் என்பது படுக்கையிலிருப்பவருக்கு நாகரிகப் பிரச்சனை அன்று, உயிர்ப் பிரச்சனை. துலக்காத வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழலில் இறங்கி நிமோனியாவை உண்டாக்குகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. பணியாளர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பல் துலக்கிவிட்ட முதியோரில் 100க்கு 11 பேருக்கு நிமோனியா வந்தது. அவ்வாறு கவனிக்கப்படாதவர்களில் 100க்கு 19 பேர். ஒரு பிரஷ்ஷும் சில நிமிடங்களும் செய்த வேலை இது.

ஆகவே கருவியைக் கைக்கேற்ப மாற்றுவதுதான் வழி. கையைக் கருவிக்கேற்ப மாற்றச் சொல்ல முடியாது அல்லவா?

முதலாவது மாற்றம் பிடியின் பருமன். ஆரோக்கியமான விரல்களுக்குச் சுண்டு விரல் அளவு போதும். விரல்கள் முழுதாக மடங்காதவருக்கு மூன்று சென்டிமீட்டர் வரை பருமன் தேவைப்படும். பருத்த பிடியைப் பற்றும்போது கணுக்கள் கொஞ்சம்தான் மடங்குகின்றன, பற்றும் பலமும் குறைவாகவே செலவாகிறது. இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டும் ரப்பர் பிடி ஒன்றை வாங்கி, பிரஷ்ஷின் அடிப்பகுதியில் துணி சுற்றி அதற்குள் இறுக்கமாகச் செருகிவிடலாம். பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி அடுக்கடுக்காகச் சுற்றினாலும் சரி. சிறுவர் விளையாடும் ரப்பர் பந்தில் துளையிட்டு மாட்டிக் கொடுப்பதும் உண்டு. வெறும் துணியை மட்டும் சுற்றாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும். பின்னர் சுத்தம் பற்றிய வஸ்வாஸ் வேறு வந்து சேரும். பிடி முழு வட்டமாக இருந்தால் ஈரக் கையில் உருளும். முட்டை வடிவமாக இருக்கட்டும், பெருவிரல் அமர ஒரு பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கட்டும்.

எடை விஷயத்தில் இருவகை நோயாளிகளையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. முட்டுவாதக்காரருக்கு எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது. கை நடுக்கம் உள்ளவருக்கோ சற்றுக் கனமான பிடி சில வேளை நடுக்கத்தைத் தணிக்கிறது. எல்லோருக்கும் அல்ல; கொடுத்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

விரல்களால் பற்றவே இயலாதவருக்குப் பிடியைக் கையோடு சேர்ப்பதே வழி. உள்ளங்கையைச் சுற்றி வரும் அகலமான நாடாப் பட்டை, அதன் உட்புறத்தில் ஒரு சிறு பை. பிரஷ்ஷின் அடி அந்தப் பையில் செருகப்பட்டிருக்கும். தையல் தெரிந்த சகோதரிகள் அரை மணி நேரத்தில் தைத்துவிடலாம். பட்டை இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக உணர்ச்சி குறைந்த கையில். தோளை உயர்த்த முடியாதவருக்கு பிரஷ்ஷின் கழுத்தைச் சிறிது வளைத்துக் கொடுப்பது உதவும். கொதித்து இறக்கிய வெந்நீரில் பிளாஸ்டிக் பிடியைச் சிறிது நேரம் வைத்து, துணியால் பற்றி மெதுவாக வளைத்தால் வளையும். நெருப்பில் காட்ட வேண்டாம். பல் டாக்டரின் கண்ணாடிக் கருவி ஏன் கழுத்து மடங்கியிருக்கிறது? மணிக்கட்டை வளைக்காமலே கடைவாயைத் தொடுவதற்காகத்தான். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரீச் என்ற பெயரில் வந்த பிரஷ் இதே வடிவத்தைப் பின்பற்றிப் புகழ் பெற்றது.

பெரியவர் பிரஷ்ஷை ஏற்கவில்லை. "கடைசிக் காலத்துல குச்சிய விடச் சொல்றீங்களே" என்று கண் கலங்கினார். சட்டம் சொல்லிப் பயனில்லாத நேரங்கள் உண்டு. அவருடைய மருமகனார் ஒரு தச்சரை அழைத்து வந்தார். மூவரும் உட்கார்ந்து யோசித்ததில், மிஸ்வாக்கையே பிரஷ்ஷைப் போல் குறுக்காக நிறுத்திக் கொடுக்கும் ஒரு பிடி உருவாயிற்று. அதன் அமைப்பைச் சொல்கிறேன். விரும்புவோர் செய்து கொள்ளலாம்.

இலேசான மரத்தில் ஒரு சாண் நீளக் கட்டை. கையில் பிடிக்கும் பகுதி முட்டை வடிவில் மூன்று சென்டிமீட்டர் பருமன். பிறகு ஒடுங்கிக் கழுத்தாகி, முனையில் ஒரு சிறு தலை. அந்தத் தலையில் குறுக்கே ஒரு துளை. மூன்று சென்டிமீட்டர் மிஸ்வாக் துண்டு ஒன்று அந்தத் துளை வழியாக வந்து நிற்கும். சாண் நீளக் குச்சியொன்றில் இப்படி ஆறு துண்டுகள் கிடைக்கும். துண்டைத் துளைக்குள் எந்தப் பக்கமிருந்து நுழைப்பது என்பதில்தான் முழு எச்சரிக்கையும் தேவை. வாய்ப் பக்கமிருந்து செருகினால், தேய்க்கும்போது கழன்று தொண்டைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. பக்கவாதம் வந்தவருக்கு இருமி வெளியே தள்ளும் பலமும் குறைவு. எனவே முதுகுப் பக்கமிருந்து நுழைக்க வேண்டும். துண்டின் பின்முனையைப் பட்டையோடு தடிமனாக விட்டு, முன்பகுதியை மட்டும் துளையளவுக்குச் சீவினால், ஆணியின் தலையைப் போல் அது பின்னால் தங்கிவிடும். முன்னோக்கி வழுக முடியாது. பின்பக்கத்தை நூலால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவது இன்னும் பத்திரம்.

முன்பக்கம் நீட்டியிருக்கும் நார் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட வேண்டாம். கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையிலுள்ள சந்து மிகக் குறுகியது. உயரமான நார் அங்கே நுழையாது. துளையைச் செங்குத்தாகப் போடாமல் சற்றுச் சாய்வாகப் போட்டால் நார்கள் பல்லும் ஈறும் சேரும் கோட்டைச் சரிவாகத் தொடும். பல் டாக்டர்களும் இந்தச் சரிவையே விரும்புகிறார்கள்; சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1948இல் விளக்கிய 45 டிகிரி முறை இன்றும் பல் வைத்தியக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. அழுத்தித் தேய்ப்பதல்ல, நாரை அந்தக் கோட்டில் வைத்துச் சிறு அசைவாக அசைப்பதே அதன் சாரம். மிஸ்வாக் குச்சியை முரட்டுத்தனமாக நெடுநாள் தேய்ப்பவர்களுக்கு ஈறு கீழிறங்கிவிடுவதும் ஆய்வுகளில் காணப்பட்டதே.

பெரியவர் இடது முஷ்டியில் அந்தப் பிடியைப் பற்றி, கண்ணாடி முன் உட்கார்ந்து துலக்கத் தொடங்கினார். அடுத்த தெருவிலிருந்தும் இரண்டு பேர் தச்சரைத் தேடிப் போனதாகக் கேள்வி.

மின்சார பிரஷ்ஷைப் பற்றியும் கேட்கிறார்கள். இது ஆடம்பரப் பொருளாகத் தோன்றினாலும் இதன் பிறப்பு அப்படியல்ல. 1954இல் ஸ்விட்சர்லாந்தில் முதலில் உருவானபோதே, கையை நன்கு அசைக்க முடியாத நோயாளிகளையும் பல்லில் கம்பி கட்டியவர்களையும் மனதில் வைத்தே அது செய்யப்பட்டது. 2014இல் 56 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, மூன்று மாதங்களுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் சாதாரண பிரஷ்ஷைவிடப் பல்லழுக்கு 21 சதவீதமும் ஈறழற்சி 11 சதவீதமும் குறைந்திருந்ததாகக் கூறுகிறது. இதன் பிடி இயற்கையிலேயே பருத்தது, தேய்க்கும் அசைவை அதுவே செய்து கொள்கிறது. ஆனால் பாட்டரியின் கனம் பலவீனமான மணிக்கட்டை இழுக்கும். வாங்குமுன் கடையிலேயே பெரியவரின் கையில் கொடுத்துப் பாருங்கள். பொத்தானை அவரால் அழுத்த முடிகிறதா என்பதையும் பாருங்கள். அசைவை இயந்திரம் செய்வதால் ஸுன்னத்தின் நன்மை போய்விடுமோ என்றால், சொரசொரப்பான பொருளால் அழுக்கை நீக்குவதே நாட்டம். நிய்யத்தோடு அதைப் பல்லில் கொண்டு செல்வது அவருடைய கை. நன்மை உண்டென்றே கருதுகிறேன். பெரிய ஆலிம்கள் இதில் மேலும் தெளிவுபடுத்தினால் வரவேற்பேன்.

எந்தப் பிடியும் உதவாத நிலையில் இருப்பவருக்கு மற்றவர்தான் துலக்கிவிட வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி வேளையில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் செய்த பணிவிடை நமக்குத் தெரியும். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் மிஸ்வாக்கோடு உள்ளே வந்தார்கள். பெருமானாரின் பார்வை அதன் மீது சென்றது. அன்னையவர்கள் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டு, குச்சியை வாங்கி, தம் பற்களால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். நோயாளி வாய் திறந்து கேட்கவில்லை என்பதையும், கடினமான குச்சியை அப்படியே நீட்டாமல் அந்த நிலைக்கேற்ப மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். இன்று நாம் செய்யும்போது நோயாளிக்கு மற்றவரின் எச்சில் கிருமி சேராதிருக்க, மெல்வதற்குப் பதில் நுனியை வெந்நீரில் ஊறவைத்துத் தட்டி மிருதுவாக்கலாம்.

ஷாபிஈ கிதாபுகளில் ஒரு நுட்பமான மஸ்அலா உண்டு: தன்னுடைய விரலால் தேய்ப்பது மிஸ்வாக்குக்குப் போதாது, ஆனால் மற்றவரின் சொரசொரப்பான விரல் போதும். மற்றவர் துலக்கிவிடுவது நம் இமாம்களுக்குப் புதிய விஷயமன்று என்பது இதிலிருந்து விளங்கும். இருந்தாலும் நினைவு தடுமாறிய நோயாளியின் பற்களுக்கிடையே விரலை வைக்காதீர்கள். அவர் அறியாமலே கடித்துவிடுவார். பருத்த பிடியுள்ள மென்மையான பிரஷ்ஷே துலக்கிவிடுபவருக்கும் வசதி.

படுத்துக்கொண்டு மிஸ்வாக் செய்வதை பிக்ஹு நூல்கள் விரும்பவில்லை. டாக்டர்களும் நோயாளியை மல்லாத்திப் போட்டுத் துலக்காதீர்கள் என்கிறார்கள். நீரும் எச்சிலும் நுரையீரலுக்குப் போய்விடும். முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்து, தாடை சற்று மார்பை நோக்கியிருக்கட்டும். உட்கார முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கன்னத்துக்குக் கீழே துணி விரியுங்கள். தண்ணீர் குறைவாக. பற்பசை பட்டாணி அளவு போதும். வாய் கொப்பளிக்க முடியாதவருக்கு ஈரத் துணியால் நுரையைத் துடைத்து எடுங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றித் தனியே கழுவுங்கள், இரவில் வாயில் விட்டுவிடாதீர்கள். பல்லே இல்லாதவரின் நாக்கையும் ஈறையும்கூடத் துடைக்க வேண்டும். மிஸ்வாக்கின் நுனி நாக்கின் மீது இருந்ததை அபூ மூஸா (ரலி) அவர்கள் பார்த்து அறிவித்திருக்கிறார்கள்.

ஈறில் இரத்தம் வந்தால் ஒளுவின் நிலை என்ன? ஷாபிஈ மத்ஹபில் ஒளு முறியாது. ஆனால் இரத்தம் நஜீஸ், வாயைக் கழுவாமல் தொழக் கூடாது, விழுங்கவும் கூடாது. ஹனபீ மத்ஹபில் இரத்தம் எச்சிலுக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் ஒளு முறியும். எச்சில் மிகுந்து இரத்தம் சிறிதாயின் முறியாது. தக்பீர் கட்டும் நேரத்தில் ஸஃப்பில் நின்று அழுத்தித் தேய்க்கும் சகோதரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கடினமான பிரஷ்ஷையும் காய்ந்த குச்சியையும் தவிர்க்க இது ஒன்றே போதிய காரணம். துலக்கும்போதெல்லாம் இரத்தம் வருகிறதென்றால் அது ஈறு நோயின் அறிகுறி. பல் டாக்டரிடம் போக வேண்டும், துலக்குவதை நிறுத்தக் கூடாது. நோன்பாளி உச்சி சாய்ந்த பின் மிஸ்வாக் செய்வது ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான சொல்லின்படி மக்ரூஹ், ஹனபீ மத்ஹபில் அவ்வாறில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களே ஓரிடத்தில் மக்ரூஹ் இல்லை என்ற சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள். நோன்பு வைக்க இயலாத நோயாளியைப் பொறுத்தவரை இக்கேள்வியே எழாது.

வீட்டில் யாருக்கு முதலில் இந்த வசதியைச் செய்வது என்றால், பெரியவர்களிடமிருந்து தொடங்குங்கள். கனவில் தாம் மிஸ்வாக் செய்துகொண்டிருந்தபோது இருவர் வந்ததாகவும், இளையவருக்குக் கொடுக்க முனைந்த குச்சியை மூத்தவருக்குக் கொடுக்கும்படி சொல்லப்பட்டதாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கும் பருத்த பிடிதான் ஏற்றது. அவர்களும் முஷ்டியால்தான் பிடிப்பார்கள். தலை மட்டும் சிறியதாக இருக்க வேண்டும்.

வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜைத் இப்னு காலித் (ரலி) அவர்கள் எழுத்தர் தம் பேனாவைச் செருகுவது போல் மிஸ்வாக்கைக் காதில் செருகிக்கொண்டு தொழுகைக்கு வருவார்களாம். கை நீட்டினால் கிடைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். குளியலறை மாடத்தில் இருப்பது நடக்க முடியாதவருக்கு இல்லாததற்குச் சமம். கட்டில் தலைமாட்டில் ஓர் ஆணி அடித்து, பிடியின் அடியில் துளையிட்டு முழ நீள நாடா ஒன்றைக் கட்டி, நார்ப் பக்கம் தரையைப் பாராமல் காற்றுப் படும்படி மாட்டுங்கள். கை நழுவினாலும் தரையில் விழாது. மூடிய டப்பாவுக்குள் ஈரத்தோடு வைக்காதீர்கள். மிஸ்வாக் துண்டின் நார் தளர்ந்ததும் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகத் தட்டுங்கள். நைலான் பிரஷ்ஷை மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றினால் போதும்.